கொல்லுப்பட்டறை வைத்திருந்த வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்



பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் உலை மூட்டி, துருத்தி ஊதி, ஊர் முழுமைக்கும் இரும்புச் சாமான் அடித்துக் கொடுத்து ஜீவனம் நடத்திய குடும்பங்களின் வாரிசுகளாகிய நீங்கள், இன்று பள்ளிக்கூடங்களிலும் சிமெண்டு ஆலைகளிலும் லாரி அலுவலகங்களிலும் கடல் கடந்த தேசங்களிலும் வெவ்வேறு உத்தியோகங்களை மேற்கொண்டு சௌக்கியமாக இருப்பதைக் கண்டு மகிழ்கிறவர்களில் நானும் ஒருவன். உலைமுன் உட்கார்ந்து வேலை செய்தது பெருமைக்குரிய வாழ்வு என்று இன்று மேடையேறிப் பேசுகிறவர்கள், அந்த வாழ்வில் கண்ணெரிச்சலும் முதுகுவலியும் பற்றாத கூலியும் எவ்வளவு இருந்தன என்பதை அறியமாட்டார்கள். ஆகையால் நீங்கள் அத்தொழிலை விட்டது குறித்து ஒரு சொல்லும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. தொழில் போன பிறகும் உங்கள் மாட்டுக்கொட்டகையின் மூலையிலும் கிணற்றடியிலும் இடிந்த திண்ணையின் ஓரத்திலும் கிடக்கிற பட்டடை, சம்மட்டி, குறடு, உளி, துருத்திமூக்கு முதலிய உபகரணங்களைப் பற்றி மட்டுமே இம்மடலில் பேச விரும்புகிறேன்.

அவற்றுக்கு இந்நாளில் இரண்டு விதமான முடிவு நேர்கிறது. தராசோடு தெருவில் வருகிற பழைய இரும்புக்காரரிடம் கிலோக் கணக்கில் போட்டுவிடுகிறவர்கள் ஒரு சாரார். பாட்டனாரின் ஞாபகம் நிலைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு, அவற்றை ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்று, அரைத்து, மினுக்கி, வார்னிஷ் பூசி, வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்கிறவர்கள் மற்றொரு சாரார். முதல் சாராரைக் காட்டிலும் இரண்டாம் சாராரிடமே எனக்கு அச்சம் அதிகம் என்று சொன்னால் நீங்கள் வியக்கக்கூடும். பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடக்கிற பட்டடை ஒன்று, தொழில் செய்துகொண்டிருக்கிற எவனோ ஒரு கொல்லனின் கண்ணில் பட்டு மறுபடியும் உலைக்களம் போய்ச் சேர்வது உண்டு; அரைத்துத் தள்ளப்பட்ட முகப்பு ஒருநாளும் திரும்பி வருவதில்லை.

நான் கொல்லர் மரபில் பிறந்தவன் அல்லன். ஒரு கொல்லுப்பட்டறையின் எதிர்வீட்டில் வளர்ந்து, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின், அந்த நாளில் வேடிக்கை பார்த்ததையே தொழிலாளிகளிடம் கேட்டுக் கேட்டுக் கற்று, தேய்ந்த கருவிகளைச் செப்பனிடுவதில் காலம் கழிக்கிறவன்.

1995-இல் பெரம்பலூரும், இறுதியாக 2007-இல் அரியலூரும் தனி மாவட்டங்களாவதற்கு முன்பு, இவ்விரண்டும் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் வானம் பார்த்த பகுதிகளாக இருந்த காலத்தில், கரிசல் உழவனுக்கு ஏர்க்கொழு தேய்வதும், முந்திரித் தோப்புக்காரனுக்குத் துரட்டி மழுங்குவதும், களையெடுக்கிறவர்கள் கையில் களைக்கொத்து முனை போவதும் நித்திய நிகழ்ச்சிகள் என்றால், அவை எல்லாவற்றுக்கும் போக்கிடம் அந்த ஒரு பட்டறைதான். கூலி பெரும்பாலும் களத்துமேட்டில் தானியமாக அளக்கப்பட்டது. பிறகு டிராக்டர் வந்தது. நாட்டுக் கலப்பையோடு கொழுவும் போயிற்று. டயர் வண்டி வந்தபின் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை பழுக்கக் காய்ச்சி ஏற்றுகிற வேலையும் போயிற்று. அரிவாள்கூட அட்டைப் பெட்டியில் கடைக்கு வந்துவிட்டது. இந்தக் கதையை உங்களுக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை நீங்கள் சிந்திக்க வேண்டும். தச்சனுடைய உளி மழுங்கினால் அது கொல்லனிடம் வருகிறது. கல்தச்சனுடைய உளி முனை தேய்ந்தால் அதுவும் கொல்லனிடம் வருகிறது. உழவனுடைய மண்வெட்டியும் அப்படியே. கொல்லனுடைய குறடு வளைந்தாலோ அதற்கும் வேறு வைத்தியன் இல்லை. அவனோ அவனைப் போன்ற இன்னொருவனோதான் அதை நெருப்பிலிட்டு நிமிர்த்தியாக வேண்டும். குறடு இல்லாமல் குறடு அடிக்க முடியாது. சம்மட்டி இல்லாமல் சம்மட்டிக்குக் கண் துளைக்க முடியாது. ஆகவே ஒரு தாலுகாவில் ஓர் உலையேனும் எரிந்துகொண்டிருக்கும் வரையில்தான் அங்குள்ள பழைய கொல்லுக் கருவிகள் யாவும் செப்பனிடத்தக்கவை. அந்தக் கடைசி உலையும் அணைந்துவிட்டால், எவ்வளவு பணம் செலவழித்தாலும் அவை காட்சிப் பொருள்களே. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பத்தைப் பற்றி நம் மாவட்டத்தார் பெருமை பேசுகிறோம். சிற்பியின் கையிலிருக்கிற உளிக்கு அலகு வைத்து, காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குகிற தோய்ச்சலைப் போடத் தெரிந்தவன் இல்லாமற்போனால் அந்தப் பெருமை எதன்மேல் நிற்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்கிறது என்ற ஆய்வறிக்கையை 2025 ஜனவரி 23 அன்று முதலமைச்சர் வெளியிட்டபோது நாடே கொண்டாடியது, நானும் கொண்டாடினேன். கங்கைகொண்டசோழபுரத்து மாளிகைமேட்டில் கூரையோடுகளோடு கிடைத்த இரும்பு ஆணிகளைக் கண்ணாடிக்குள் பத்திரப்படுத்துகிறோம், அதுவும் நியாயமே. ராஜேந்திர சோழனுடைய அரண்மனை ஆணிக்குக் கிடைக்கிற மரியாதையில் நூற்றில் ஒரு பங்கேனும், இன்னும் வேலை செய்யக்கூடிய நிலையிலிருக்கிற உங்கள் பாட்டனாரின் சுத்தியலுக்குக் கிடைக்காதா என்பதுதான் என் ஆதங்கம்.

இனி, செய்முறைக்கு வருகிறேன். துருப்பிடித்த சாமான் ஒன்று கையில் கிடைத்தவுடன் அதன்மேல் அரவை மெஷினை வைத்துவிடுவது இக்காலத்து வழக்கம், அதைச் செய்யாதீர்கள். முதலில் மண்ணை உலர்ந்த நார்த் தேய்ப்பானால் தட்டிவிட்டு, பழுது எங்கே என்று பார்க்க வேண்டும். விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கப் பழைய பட்டறைக்காரர்கள் அறிந்திருந்த ஒரு யுக்தி இன்றைக்கும் எந்த இயந்திரத்துக்கும் குறைந்ததன்று: சந்தேகமுள்ள இடத்தில் மண்ணெண்ணெயைத் தாராளமாகத் தடவிச் சற்று நேரம் ஊற விட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்து, அதன்மேல் சுண்ணாம்புத் தூளையோ சாக்பீஸ் பொடியையோ மெல்லப் பூசிவிட்டுக் காத்திருந்தால், பிளவுக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் மேலே கசிந்து வெள்ளைப் பூச்சில் மயிரிழை போன்ற ஒரு கறுப்புக் கோட்டை வரைந்து காட்டும். சுத்தியலின் கண்ணருகே அப்படி ஒரு கோடு தோன்றினால், அந்தச் சுத்தியலை ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளலாமேயன்றி ஓங்கி அடிக்கப் பயன்படுத்தக்கூடாது. சுண்ணாம்புக்கல்லுக்குப் பெயர்போன அரியலூரில் இந்தச் சோதனைக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை!

துருவைப் போக்கப் பழைய புளியே போதும். கெட்டியாகக் கரைத்த புளித்தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, காலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால், மேல் துரு கழன்று, அடியிலுள்ள கருநிறத் தோல் பெரும்பாலும் அப்படியே நிற்கும்; அந்தத் தோலை விட்டுவைப்பதே உத்தமம். பிறகு சோடா கலந்த நீரில் அலசி, வெயிலிலோ உலையருகிலோ நன்றாகச் சூடேற்றி உலர்த்தி, சூடு ஆறுமுன் எண்ணெய் தடவ வேண்டும். துரு ஆழமாக ஏறியிருந்தால், பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடாத் தண்ணீர் ஊற்றி, லாரி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற கருவியின் மைனஸ் முனையைச் சாமானிலும் பிளஸ் முனையை உபயோகமற்ற இரும்புத் தகட்டிலும் மாட்டி, மின்சாரத்தாலும் கழற்றலாம். தகடு வெறும் இரும்பாகவே இருக்கட்டும். எவர்சில்வர் தகட்டைப் போட்டால் தண்ணீரில் விஷம் இறங்கும். இதை வெட்டவெளியில்தான் செய்ய வேண்டும், ஏனெனில் குமிழியிட்டு வருகிற வாயு தீப்பற்றக்கூடியது.

பட்டடையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அதிக அநியாயம் நடப்பது அதற்குத்தான். நம் பக்கத்து நாட்டுப் பட்டடை, கொம்பும் வாலும் இல்லாத குட்டையான சதுரக் கட்டி. மரக்கட்டையில் இறக்கி மண்ணில் பாதி புதைத்து, கொல்லன் தரையில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து வேலை செய்ய ஏற்றது. இதைத் தவிர, பழைய ஏலங்களின் வழியாகவோ வேறு வகையிலோ சில வீடுகளுக்கு வந்து சேர்ந்த கொம்புப் பட்டடைகளும் உண்டு. அவற்றுள் இங்கிலாந்தில் டட்லி நகரத்து பீட்டர் ரைட், ஷெஃபீல்டு நகரத்து மவுஸ்ஹோல் முதலிய பட்டறைகளில் செய்யப்பட்ட பழையவை, உடல் முழுதும் மெல்லிரும்பாகவும் மேல்முகப்பு மட்டும் அரை அங்குலத்தை ஒட்டிய எஃகுப் பலகையாகவும் அமைந்தவை. அந்தப் பலகையை நெருப்பிலேயே உடலோடு ஒட்டித் தோய்ச்சல் கொடுத்திருப்பார்கள். பக்கவாட்டில் மூன்று எண்கள் வெட்டியிருக்கும். 1, 2, 10 என்றிருந்தால் அதை ஆயிரத்து இருநூற்றுப் பத்து என்று படித்து, ஏதோ வருஷம் என்று சாதிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் எண் 112 பவுண்டு கொண்ட அந்தர். இரண்டாவது அதில் கால்பங்காகிய 28 பவுண்டு. மூன்றாவது உதிரிப் பவுண்டு. கூட்டிப் பார்த்தால் 178 பவுண்டு, ஏறக்குறைய 81 கிலோ. அரைத்து மினுக்கும்போது முதலில் அழிவது இந்த எண்கள்தான்.

முகப்பு நடுவில் குழிந்திருக்கிறதே, அதைச் சமப்படுத்த வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். கம்பியை நிமிர்த்துகிறவனுக்கு அந்தச் சிறு குழிவு மிகவும் அனுகூலமானது. வளைந்த கம்பி சற்றே மறுபக்கம் தாழ்ந்து கொடுத்தால்தான் துள்ளித் திரும்பும்போது நேராக நிற்கும், முழுச் சமதளத்தில் அடித்தால் மறுபடியும் பழைய வளைவுக்கே போகும். விளிம்புகள் மழுங்கியிருப்பதும் குறையன்று. கூரிய விளிம்பின்மேல் வைத்து அடித்த இரும்பில் வெட்டு விழுந்து, பின்னால் அந்த இடத்திலேயே முறியும். தலைமுறைக் கணக்கில் சுத்தியல் பட்டுப் பட்டு உண்டான அந்த வடிவத்தை மெஷினில் கொடுத்துச் சீவினால், எஞ்சியிருக்கிற எஃகுப் பலகை மெலிந்து, அடுத்த சம்மட்டி அடியில் உடலிலிருந்து பெயர்ந்துவிடக்கூடும். முகப்பின் குணத்தை அறிய வேண்டுமானால், லாரி பேரிங்கிலிருந்து எடுத்த ஓர் எஃகுக் குண்டைப் பத்து அங்குல உயரத்திலிருந்து அதன்மேல் விட்டுப் பாருங்கள். ஏழெட்டு அங்குலம் எழும்பினால் பட்டடைக்கு இன்னும் ஆயுள் கெட்டி. குண்டு சோர்ந்து அங்கேயே படுத்துக்கொண்டால், எப்போதோ கூரைத் தீயிலோ வேறெங்கோ அது வெந்து தோய்ச்சல் இழந்துவிட்டது என்று அறியலாம்.

விளிம்பில் ஒரு பெரும் துண்டே பெயர்ந்து போயிருந்தால் மட்டும் வெல்டிங் வைக்கலாம். அப்போதும் கட்டியைக் குளிர்ந்தபடியே வைத்துக்கொண்டு வெல்டிங் வைத்தால், ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே விரிசல் ஓடும். முழுக் கட்டியையும் மந்தமான கரி நெருப்பில் 200 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, அதற்கு மேல் போகாமல் காத்து, உலர்ந்த ராடால் சிறிது சிறிதாக நிரப்பி, பிறகு சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். சூடு அந்த அளவைக் கடந்துவிட்டால் முகப்பின் கடினமே போய்விடும். இதைப் பழக்கமுள்ள ஒருவரிடம் ஒப்படைப்பதே புத்திசாலித்தனம்.

சம்மட்டிக்கும் சுத்தியலுக்கும் வருகிறேன். அடி வாங்கி வாங்கி முகம் குடைக்காளான் போல மடிந்து தொங்குகிற சுத்தியலை அப்படியே உபயோகிக்கக்கூடாது. அந்த மடிப்பிலிருந்து ஒரு சில்லுத் தெறித்தால் கண் போய்விடும். மடிப்பை மட்டும், அடிக்கடி தண்ணீரில் நனைத்துச் சூடேறாமல் அரைத்து நீக்கி, முகத்தின் ஓரங்களை லேசாக உருட்டிவிட்டால் போதும். பிடியை மாற்றுவதற்கு முன் பழைய பிடியை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். இதை வற்புறுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நம் ஊர்ப் பட்டறைகளில் துருத்தி ஊதியவர்களும், எத்தனையோ வீடுகளில் சம்மட்டி ஓங்கியவர்களும் பெண்கள். எனக்குக் கிடைத்த சம்மட்டி ஒன்றின் பிடி வழக்கத்தைவிட ஒரு சாண் குறைவாக இருந்தது. கூர்ந்து நோக்கினால், வலக்கை பிடித்த இடமும் இடக்கை பிடித்த இடமும் நெருங்கி, விரல் தடம் பள்ளமாக விழுந்து, வியர்வை ஏறிக் கறுத்திருந்தது. அது ஒடிந்து குறைந்த பிடியன்று. ஓங்கியவளின் தோளுக்கு ஏற்றபடி வேண்டுமென்றே குறைத்த பிடி. கடையில் வாங்கிய மூன்றடிப் பிடியை அதில் செருகினால், சாமான் புதிதாகிவிடும். அந்தக் குடும்பத்தில் யார் வேலை செய்தார்கள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியம் அழிந்துவிடும். கொல்லுப்பட்டறையைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆண்களைப் பற்றி மட்டுமே எழுதுகிறார்கள் என்பதால், இந்தச் சாட்சியத்துக்கு நான் அதிக மதிப்பு வைக்கிறேன்.

புதுப் பிடிக்கு நேரான இழையோடிய, நிழலில் நன்றாக உலர்ந்த கருவேலங்கட்டை ஏற்றது. சுத்தியலின் கண் இடுப்புச் சிறுத்து இருபுறமும் விரிந்திருக்கும். ஆகையால் பிடி நுழைந்தபின் மேற்புறத்தில் ஆப்பு அடித்து விரிய வைத்தால்தான் தலை கழலாது. தலை ஆடுகிற சுத்தியலைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து இறுக்குகிற வழக்கம் அன்றைக்கு ஒருநாள் வேலையை ஓட்டுவதற்குத்தான் உதவும். உலர்ந்தபின் முன்னைவிட அதிகமாக ஆடும்.

குறடுகள் எத்தனை இருந்தாலும் ஒன்றையும் தள்ளிவிடாதீர்கள். கொழுவுக்கு ஒன்று, கம்பிக்கு ஒன்று, பட்டைக்கு ஒன்று என்று ஒவ்வொன்றின் வாயும் அந்தப் பட்டறையில் எந்தச் சாமான் அதிகமாக அடிக்கப்பட்டது என்பதைச் சொல்லும். வாய் சேராமல் போயிருந்தால், பழுக்கக் காய்ச்சி, பிடிக்க வேண்டிய அளவுள்ள கம்பியை வாய்க்குள் வைத்து அமுக்கி அடித்தால் பொருந்திவிடும்; பிறகு காற்றிலேயே ஆறட்டும். நடு ஆணி தளர்ந்திருந்தால் சுடச்சுடத் தட்டினாலே இறுகும். தோல் துருத்தியோ பெரும்பாலும் எலியும் கரையானும் தின்று முடித்தது. தோல் முழுதாக இருந்தால் ஆமணக்கெண்ணெய் தடவிப் பதப்படுத்தலாம், இல்லாவிட்டால் மூக்கையும் பலகையையும் காற்றுவாய் அமைந்த விதத்தையும் பாதுகாத்து வைத்தால் பின்னால் ஒருவன் புதுத்தோல் போடுவான்.

உளி, தமர் முதலியவற்றுக்கு முனை அடித்த பின் தோய்ச்சல் போட வேண்டும். கொல்லுப்பட்டறை எப்போதும் இருட்டாக இருந்ததற்கு வறுமை மட்டும் காரணமன்று. பழுத்த இரும்பின் நிறத்தை வெயிலில் கணிக்க இயலாது. அந்தக் கண் வாய்க்காதவர்கள் ஒரு காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போகிற சூட்டைச் சற்றே கடந்ததும் தோய்க்க வேண்டும். அதன்பின் முனையைத் தேய்த்து வெளுப்பாக்கி மெல்லச் சூடு காட்டினால், வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் வரிசையாக நகரும். இரும்பு வெட்டுகிற உளியை ஊதா தோன்றியதும் நிறுத்துவார்கள். இங்கே நம் வட்டாரத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கை வேண்டும். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிச் செல்கிற லாரிகள் மிகுந்த அரியலூர்ப் பக்கத்தில், ஒடிந்த ஸ்பிரிங் பட்டைதான் இப்போது எஃகுக்கு ஊற்றாக இருக்கிறது. அது நல்ல எஃகு. ஆனால் பாட்டனார் காலத்து எஃகைத் தண்ணீரில் தோய்த்தது போல இதையும் தோய்த்தால் மெல்லிய முனை வெடித்துப் போகும். இதற்கு எண்ணெய்த் தோய்ச்சலே தகும்.

இவ்வளவையும் உங்கள் கையால் செய்துகொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. துரு நீக்குவதும் எண்ணெய் போடுவதும் பிடி மாற்றுவதும் உங்களால் ஆகும். நெருப்பு வேலையை உங்கள் தாலுகாவில் இன்னும் உலை எரிக்கிற ஒருவரிடம் கொண்டு போங்கள். அவரிடம் பேரம் பேசாதீர்கள். ஒரு குறட்டின் வாயைச் சேர்க்க அவருக்குக் கால்மணி நேரம் பிடிக்கலாம். உலை மூட்டுகிற கரிக்கும் சம்மட்டி அடிக்க வருகிற ஆளுக்கும் ஆகிற செலவு அந்தக் கால்மணியில் அடங்காது. பங்காளி வீடுகள் நாலைந்து சேர்ந்து, இருக்கிற சாமான்களை எல்லாம் ஒரே நாளில் எடுத்துச் சென்று, நாள் கூலியாகக் கொடுத்துவிடுவதே இரு தரப்பாருக்கும் நல்லது. சர்க்கார் உதவியைப் பொறுத்தவரை, 2023 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் கருவிகளுக்கு 15,000 ரூபாய் வகை செய்யப்பட்டது. தமிழக அரசு அதை ஏற்காமல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக வகுத்துக் கடனும் மானியமும் அளிக்கிறது. இரண்டிலும் எண்ணம் புதுச் சாமான் வாங்குவதையும் தொழிலைப் பெருக்குவதையும் பற்றியதே. பழையதைச் செப்பனிடுகிறவனுக்குக் கூலி கொடுக்க வேண்டியவர்கள் அதை வைத்திருக்கிற நாம்தான் என்பது என் அபிப்பிராயம்.

விற்றே தீர வேண்டிய நிர்ப்பந்தம் உள்ளவர்களும் இருப்பார்கள். அவர்களை நான் குறை கூறமாட்டேன். பழைய இரும்பின் விலையைக் கேட்டறிந்து, அதே விலைக்கு முதலில் ஒரு கொல்லனிடம் கேட்டுப் பாருங்கள். அவர் வேண்டாம் என்றால் பிறகு தராசுக்காரரைக் கூப்பிடுங்கள்.

மற்றவர்கள், ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். மண்தரையில் கிடக்கிற சாமான்களை எடுத்துப் பலகையின்மேல் வையுங்கள். உரச்சாக்கில் மட்டும் சுற்றாதீர்கள். சாக்கில் ஒட்டியிருக்கிற உப்பு ஒரு மழைக்காலத்துக்குள் இரும்பைத் தின்றுவிடும். பழைய பருத்தித் துணியை எண்ணெயில் தோய்த்துத் துடைத்து, வீட்டிலுள்ள பெரியவர்களிடம் விசாரித்து, எந்த ஊர்ப் பட்டறை, யார் பிடித்தது, எதற்குப் பயன்பட்டது என்று ஒரு தகரத் துண்டில் ஆணியால் கீறிக் கம்பியில் கோத்து ஒவ்வொன்றிலும் கட்டிவிடுங்கள். காகிதத்தில் எழுதினால் கரையான் விடாது.

இங்ஙனம்,
தங்கள் நலம் விழையும்
எதிர்வீட்டுக்காரன்